சர் சி. வி. இராமனும் சிதறும் கிரணங்களும்

கோயமுத்தூரில் வாழும் நமக்கு மேற்றிசை மலைகள் நாள்தோறும் காணும் காட்சியாகும். மழை ஓய்ந்த காலைப் பொழுதில் வெள்ளியங்கிரியையும் நீலகிரியையும் நோக்குவார்க்கு அவை நீலப் பட்டு உடுத்து நிற்பனபோலத் தோன்றும். அம்மலைகளை அணுகிச் சென்றாலோ பாறை கருமையாகவும் காடு பசுமையாகவும் இருக்கின்றன. நீலத்தை எங்கும் காணோம். அங்ஙனமாயின் அந்நீலம் எங்கிருந்து வந்தது? நமக்கும் மலைக்கும் இடையே பரந்துகிடக்கும் காற்றே அதனை ஈந்தது. காற்றின் மூலக்கூறுகள் ஞாயிற்றின் ஒளியில் உள்ள பல நிறங்களுள் நீலத்தையே மிகுதியாகச் சிதறச் செய்கின்றன. சிதறிய அவ்வொளி நம் கண்ணை அடையும்போது தொலைவிலுள்ள மலை நீலமாகிறது. இவ்வாறு சிதறும் ஒளியினிடத்தே தம் வாழ்நாளெல்லாம் உள்ளத்தைப் பறிகொடுத்த தமிழர் ஒருவரின் வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுகின்றேன். அவர்தாம் சர் சந்திரசேகர வேங்கட இராமன்.

இராமனுக்கு நோபல் பரிசு கிடைத்த செய்தியைத் தொடக்கப் பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆண்டுதோறும் பிப்ரவரி 28-ஆம் நாளைத் தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடி அவரை நினைக்கின்றோம். ஆயினும் அவர் வாழ்க்கையாகிய பேராற்றில் ஒரு கிளை பலராலும் பேசப்படாமலே போயிற்று. கண்ணுக்குப் புலனாகும் ஒளியை மட்டுமன்றி, கண்ணுக்குப் புலனாகாத எக்ஸ் கிரணங்கள் சிதறும் முறையையும் அவர் ஆராய்ந்தார். இன்று மெல்லிய பூச்சுக்களுள் பதிந்துகிடக்கும் நானோத் துகள்களை அளந்தறியும் கலைக்குரிய பழைய வேர்களுள் ஒன்று அவ்வாராய்ச்சியில் இருக்கின்றது. அக்கிளையில் அவர் பெற்ற வெற்றியும் உண்டு. அடைந்த தோல்வியும் உண்டு. இரண்டையும் மறைக்காமல் கூறுவதே அப்பெரியாருக்குச் செய்யும் மரியாதை என்று எண்ணுகின்றேன்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவில் 1888-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் சந்திரசேகர ஐயருக்கும் பார்வதி அம்மாளுக்கும் இரண்டாம் மகனாக இராமன் பிறந்தார். தந்தையார் கணிதமும் பௌதிகமும் கற்பிக்கும் ஆசிரியர். அவர் விசாகப்பட்டினத்துக் கலாசாலையில் வேலை ஏற்றபோது குடும்பமும் அங்குச் சென்றது. இராமன் பதினோராம் வயதிலேயே மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறினார். பின்னர்ச் சென்னை இராசதானிக் கல்லூரியில் சேர்ந்து, 1904-இல் பி. ஏ. தேர்வில் முதன்மையாகத் தேறிப் பௌதிகத்திற்குரிய பொற்பதக்கமும் பெற்றார். அவர் கல்லூரியில் மாணவராக இருந்தபோதே, 1906-ஆம் ஆண்டில், அவரது முதல் ஆராய்ச்சிக் கட்டுரை இலண்டன் நகரத்துப் பெயர்பெற்ற விஞ்ஞானப் பத்திரிகை ஒன்றில் வெளிவந்தது. அதுவும் ஒளியைப் பற்றியதே. அப்போது அவருக்கு வயது பதினெட்டு. நம்மில் பலர் அவ்வயதில் தேர்வுக்கு அஞ்சித் துயில் இழந்திருப்போம் என்பதை நினைக்க நாணம் உண்டாகின்றது.

மேற்படிப்பிற்காகச் சீமைக்கு அனுப்ப எண்ணியபோது, அந்நாட்டுக் குளிரை இவர் மெலிந்த உடல் தாங்காது என்று மருத்துவர் தடுத்தார். ஆகவே இராமன் இந்திய நிதித் துறைத் தேர்வு எழுதி முதல்வராகத் தேறினார். 1907-இல் உலோகசுந்தரி அம்மையாரை மணந்தார். அவ்வாண்டே கல்கத்தாவில் கணக்குத் துறையின் துணையதிகாரியாக அமர்ந்தார். நல்ல ஊதியமும் நிலையான பதவியும் வாய்த்தன. வேறொருவராயின் அவ்வளவில் மன நிறைவு கொண்டிருப்பர். இராமனோ பௌபசார் வீதி வழியே செல்லுகையில் ஒரு கட்டடத்தின் பெயர்ப் பலகையைக் கண்டார். மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவப் பெரியார் 1876-இல் நிறுவிய இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் அது. கருவிகள் தூசி படிந்து, ஆராய்வார் இன்றி அமைதியுற்றிருந்த அவ்விடத்தைத் தமக்கு உரிய இடமாகக் கொண்டார். காலையில் அலுவலகம் செல்லுமுன்னும் மாலையில் திரும்பிய பின்னும் அங்கேயே அவர் காலம் கழிந்தது. வீணை, மிருதங்கம் முதலிய இசைக்கருவிகளின் ஒலியையும், ஒளியின் விந்தைகளையும் அவர் ஆராய்ந்தது அவ்வாறு மிச்சம் பிடித்த நேரத்திலேதான். 1917-இல் கல்கத்தாப் பல்கலைக் கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவி அவரை நாடி வந்தபோது, ஊதியம் குறையும் என்பதையும் கருதாமல் அரசாங்கப் பணியைத் துறந்தார்.

1921-ஆம் ஆண்டு அவர் முதன்முறையாகச் சீமை சென்றார். மீண்டு வரும் வழியில், நார்க்குண்டா என்னும் கப்பலின் மேல்தளத்தில் நின்று மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலத்தைக் கண்டார். வானத்தின் நீலம் நீரில் தோன்றும் நிழலே அது என்பது அக்கால அறிஞர் துணிபு. இராமன் அதனை ஏற்றிலர். கையிலிருந்த எளிய கருவியால் மேற்பரப்பில் மீளும் ஒளியை நீக்கி நோக்கியபோதும் நீலம் மறையவில்லை, முன்னினும் தெளிவாயிற்று. கடல்நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று அவர் உணர்ந்தார். அன்று தொடங்கி நீர்மங்களிலும் வாயுக்களிலும் பளிங்குகளிலும் ஒளி சிதறுவதை ஆராய்வதே அவரது கூட்டத்தாரின் பணியாயிற்று.

அக்கூட்டத்தாருள் ஒருவர் நமக்கு அண்டை ஊரினர். பாலக்காட்டுக் கணவாயைக் கடந்தால் நாம் காணும் கல்பாத்தி என்னும் சிற்றூரில் 1893-இல் பிறந்த கே. ஆர். இராமநாதனே அவர். நம் நகரத்திற்கு மேலைக் காற்றைத் தரும் அதே கணவாயின் வாயிலில் வளர்ந்த அவர், பாலக்காட்டு விக்டோரியாக் கல்லூரியிலும் சென்னை இராசதானிக் கல்லூரியிலும் கற்றுத் திருவனந்தபுரத்தில் பணியாற்றி, 1921-இல் இராமனிடம் ஆராய்ச்சி பயிலக் கல்கத்தா சென்றார். பிற்காலத்தில் வானிலை ஆராய்ச்சியில் பெரும்புகழ் எய்தி, ஆமதாபாத்துப் பௌதிக ஆராய்ச்சிச் சாலையின் முதல் தலைவராக விளங்கியவரும் இவரே. இராமனும் இராமநாதனும் சேர்ந்து 1923-இல் வெளியிட்ட கட்டுரையொன்று எக்ஸ் கிரணங்கள் நீர்மங்களில் சிதறுவதைப் பற்றியது.

அக்கட்டுரையின் கருத்தை விளங்கிக்கொள்ள நெசவுத் தொழில் மிகுந்த நம் நாட்டில் எளிய வழியுண்டு. நெருக்கமாக நெய்த மெல்லிய துணி ஒன்றையோ விரித்த குடையின் துணியையோ கண்முன் பிடித்து, இரவில் தொலைவிலுள்ள தெருவிளக்கை நோக்குக. விளக்கு ஒன்றாகத் தோன்றாது. அதனைச் சுற்றி நாற்புறமும் ஒளிப்புள்ளிகள் வரிசையாக நிற்கும். நூலிழைகள் நெருங்கிய துணியாயின் புள்ளிகள் விலகி நிற்கும். இழைகள் அகன்ற துணியாயின் புள்ளிகள் விளக்கை ஒட்டி நெருங்கும். ஆகவே துணியைத் தொடாமலே, புள்ளிகளின் இடைவெளியைக் கொண்டு இழைகளின் இடைவெளியைக் கூறிவிடலாம். பொருள் சிறிதாயின் சிதறும் கோணம் பெரிது. பொருள் பெரிதாயின் கோணம் சிறிது என்பதே இதன் விதி.

அணுக்களாலாகிய துணியைக் காண விளக்கொளி பயன்படாது. அவ்வொளியின் அலைநீளம் அணுவினும் பல்லாயிரம் மடங்கு பெரிது. 1895-இல் ரான்ட்கன் கண்டுபிடித்த எக்ஸ் கிரணங்களின் அலைநீளமோ ஒரு சென்டிமீட்டரைப் பத்துக்கோடிக் கூறாக்கினால் கிடைக்கும் ஒரு கூற்றை ஒத்தது. ஆதலின் 1912-இல் லௌவே என்பாரும் அடுத்த ஆண்டில் பிராகு என்னும் தந்தையும் மைந்தரும் அக்கிரணங்களைக் கொண்டு படிகங்களின் உள்ளமைப்பைக் கண்டனர். படிகத்தில் அணுக்கள் அணிவகுத்து நிற்கும். நீர்மத்திலோ அவை சந்தையில் கூடிய மக்களைப் போல நெருங்கியும் அலைந்தும் திரியும். அத்தகைய ஒழுங்கற்ற கூட்டத்திலிருந்து தெளிவான செய்தி கிடைக்குமா என்பதே வினா.

கிடைக்கும் என்று இராமனும் இராமநாதனும் காட்டினர். நீர்மத்தினூடே எக்ஸ் கிரணம் செல்லும்போது படத்தகட்டில் ஒளிவட்டம் ஒன்று தோன்றுகிறது. மூலக்கூறுகள் ஒன்றையொன்று மிகவும் அணுக இயலாமையின், அவற்றிடையே ஓரளவு நிலையான இடைவெளி அமைகின்றது. அவ்விடைவெளியே வட்டத்தின் அளவை முடிவு செய்கிறது. வட்டத்தின் உட்புறம், அஃதாவது மிகச் சிறிய கோணங்களில், இருள் சூழ்ந்திருப்பானேன்? அச்சிறு கோணங்களில் கிரணம் தனித்தனி மூலக்கூறுகளைக் காண்பதில்லை. பல மூலக்கூறுகள் சேர்ந்த பகுதிகளின் அடர்த்தி ஏற்றத்தாழ்வையே காண்கிறது. நீர்மம் எளிதில் அமுங்காத பொருளாதலின் அவ்வேற்றத்தாழ்வு சிறிது. ஆகவே சிதறலும் சிறிது. கடலின் நீலத்தை விளக்கிய அதே கோட்பாட்டை அவர்கள் எக்ஸ் கிரணத்திற்கும் பொருத்திய திறம் வியத்தற்குரியது. சிறு கோணத்தில் ஒளி மிகுமாயின், அங்கே மூலக்கூற்றினும் பெரிய ஏதோ ஒன்று திரண்டு நிற்கிறது என்பது இதனால் பெறப்படுகின்றது.

எக்ஸ் கிரணங்களுக்கும் இராமனின் பெரும் புகழுக்கும் மற்றொரு தொடர்பும் உண்டு. சிதறிய எக்ஸ் கிரணத்தில் ஒரு பகுதியின் அலைநீளம் மாறுகின்றது என்று 1923-இல் அமெரிக்கராகிய காம்ப்டன் வெளியிட்டார். அதே ஆண்டில் இராமநாதன் நீரில் சிதறிய ஒளியை ஆராய்ந்தபோது நிறம் மாறிய மங்கலான ஒளியொன்று கலந்திருப்பதைக் கண்டார். நீரிலுள்ள மாசின் விளைவு என்று முதலில் கருதப்பட்டது. எத்துணை முறை தூய்மை செய்தும் அது மறையவில்லை. 1927-இல் காம்ப்டனுக்கு நோபல் பரிசு வழங்கப்பெற்ற செய்தி வந்தபோது, எக்ஸ் கிரணத்தில் நிகழ்வதற்கு ஒப்பானதொன்று கண்ணுக்குப் புலனாகும் ஒளியிலும் நிகழ்தல் வேண்டும் என்னும் எண்ணம் இராமனுக்கு உறுதிப்பட்டது. வத்திராயிருப்பிற் பிறந்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்ற கே. எஸ். கிருஷ்ணன் அவருக்குத் துணைநின்றார். 1928 பிப்ரவரி 28-ஆம் நாள் இராமன் விளைவு உறுதியாயிற்று. 1930-இல் நோபல் பரிசு வந்தது. விஞ்ஞானத் துறையில் அப்பரிசு பெற்ற முதல் ஆசியர் அவரே.

பரிசின் பேரொளியில் எக்ஸ் கிரண ஆராய்ச்சி மறைந்ததேயாயினும் நின்றுவிடவில்லை. கல்கத்தாக் கழகத்திலேயே பி. கிருஷ்ணமூர்த்தி என்பார் கரித்தூள் முதலியவற்றினூடே எக்ஸ் கிரணங்களைச் செலுத்தி, நேர்க் கிரணத்தை ஒட்டிய சிறு கோணங்களில் மிகுந்த சிதறல் உண்டாவதை 1930-ஆம் ஆண்டளவில் கண்டார். நுண்ணோக்கிக்கும் எட்டாத சிறு துகள்களே அதற்குக் காரணம். இம்முறையைத் தனிக்கலையாக வகுத்த பிரெஞ்சு அறிஞர் கினியே 1938-ஆம் ஆண்டு தொடங்கித் தம் ஆராய்ச்சிகளை வெளியிட்டார். கிருஷ்ணமூர்த்தியின் பணியைத் தமக்கு முற்பட்டதாக அவர் குறித்துள்ளார்.

இன்று இக்கலை எவ்வளவு வளர்ந்துள்ளது என்பதைச் சுருங்கக் கூறுவேன். ஒரு சென்டிமீட்டரைக் கோடிக் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். ஒன்று முதல் நூறு நானோமீட்டர் வரை அளவுடைய வெள்ளி, பொன் முதலியவற்றின் துகள்களைக் கண்ணாடியின்மேலும் துணியின்மேலும் உலோகத்தின்மேலும் மெல்லிய பூச்சாகப் படியச் செய்கின்றனர். பூச்சின் குணம் துகளின் அளவையும், வடிவையும், அவை எத்துணை இடைவெளியில் அமைந்துள்ளன என்பதையும் பொறுத்தது. கிரணத்தைப் பூச்சினூடே நேராகச் செலுத்தினால் அடியிலுள்ள தடித்த தளம் அதனை விழுங்கிவிடும். ஆகவே ஒரு பாகையினும் குறைந்த சாய்வில், நீரின் மேற்பரப்பைத் தொட்டும் தொடாமலும் எறியும் ஓட்டாஞ்சில்லைப் போல, கிரணத்தைப் பூச்சின்மேல் தவழவிடுகின்றனர். அப்போது அது பூச்சினுள்ளேயே நெடுந்தூரம் செல்கிறது. அங்கே துகள்களாற் சிதறிய கிரணம் எதிரே வைத்த தகட்டில் கோலமிடுகின்றது. அக்கோலத்தைக் கணித்துத் துகளின் அளவைக் கூறுகின்றனர். 1989-இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர் ஒரு தளத்தின்மேல் படிந்த பொன்துகள்களை இம்முறையால் ஆராய்ந்து வழிகாட்டினர். ஓரிடத்தைமட்டும் பெரிதாக்கிக் காட்டும் நுண்ணோக்கிக்கு மாறாக, இது கோடிக்கணக்கான துகள்களின் சராசரியை, பூச்சைச் சிதைக்காமலே தருகின்றது. துணிப்பூச்சும் உலோக வேலையும் மிகுந்த நம் கொங்கு நாட்டிற்கு இக்கலை அயலதாகாது.

இராமன் 1933-இல் பங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் தலைமையை ஏற்றார். அப்பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே. ஆயினும் அவருடைய வேகமும் சொற்கடுமையும் பலருடன் பூசல் விளைத்தன. 1937-இல் தலைமையை விட்டுப் பேராசிரியராக மட்டும் அங்கிருந்தார். 1940-இல் அவரும் நீலகண்டன் என்பாரும் வைரத்தில் எக்ஸ் கிரணங்கள் சிதறுகையில் விதிக்குப் புறம்பான சில புள்ளிகள் தோன்றுவதை வெளியிட்டு, அவற்றிற்குப் புதுவதாக ஒரு விளக்கமும் கூறினர். இலண்டனில் கேத்லீன் லான்ஸ்டேல் அம்மையார் முதலியோர் அதனை மறுத்தனர். அணுக்களின் வெப்ப அசைவே அப்புள்ளிகளுள் ஒரு பகுதிக்குக் காரணம் என்பதும், மறுபகுதி சில வைரங்களினுள் தகடுபோல் அமைந்த மிக நுண்ணிய குறைகளால் வருவது என்பதும் பின்னர்த் தெளிவாயின. கண்ட காட்சி உண்மை. கூறிய விளக்கம் நிலைபெறவில்லை. இராமனோ தம் கொள்கையைக் கைவிட்டாரல்லர்.

மணிகளிடத்தில் அவருக்கு இருந்த ஈடுபாடு நம் நாட்டார் உள்ளத்திற்கு இனிது புலனாகும். கொடுமணலில் பண்டைக்காலத்தில் மணிகளைச் சாணை பிடித்த பட்டறைகளின் எச்சங்களை அகழ்ந்தெடுத்துள்ளனர். படியூர்ப் பச்சைக்கல் கடல் கடந்த வாணிகர்க்கும் விருப்பமாயிற்று. காங்கேயத்து நிலங்களில் உழவர் இன்றும் கல் பொறுக்குகின்றனர். கல்லின் விலையை மதிப்பார் பலர். கல் ஏன் ஒளிர்கிறது என்று கேட்டவர் இராமன். 1948-இல் தாம் நிறுவிய ஆராய்ச்சிக் கழகத்தில் வைரமும் நிலாக்கல்லும் ஓபலும் சங்குச்சிப்பியும் திரட்டி வைத்து ஆராய்ந்தார். ஓபல் என்பது திருப்புந்தோறும் வானவில்லின் நிறங்களைக் காட்டும் கல். 1953-இல் அவரும் அவர் மாணவர் ஜெயராமனும் எக்ஸ் கிரணங்களையும் ஒளிச்சோதனைகளையும் கொண்டு அதனை ஆராய்ந்து, ஏடுகளைப் போல அடுக்கடுக்காக அமைந்த இருவகைப் படிகங்களே நிறத்திற்குக் காரணம் என்று முடிவு செய்தனர். 1964-இல் ஆஸ்திரேலிய அறிஞர்கள் மின்னணு நுண்ணோக்கியால் நோக்கினர். ஓபலினுள் ஏடுகள் இல்லை; நூற்றைம்பது முதல் முந்நூறு நானோமீட்டர் வரை அளவுடைய மணற்பொருளாலாகிய உருண்டைகள், கடையில் அடுக்கிய கனிகளைப் போல ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன.

இவ்விடத்தில் என் உள்ளம் சற்றே நின்று வருந்துகின்றது. இருநூறு நானோமீட்டர் அளவுள்ள உருண்டைகள் எக்ஸ் கிரணத்தைச் சிதறச் செய்யும் கோணம் ஒரு பாகையின் நூற்றில் நான்கைந்து பங்கே. சாதாரணப் படங்களில் அது நேர்க் கிரணத்தின் ஒளியிலேயே மறைந்துபோம். சிறு கோணத்தில் பெரிய திரள்கள் தம்மை வெளிப்படுத்தும் என்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே வழி காட்டியவர் இராமன். அச்சிறு கோணத்திலேதான் ஓபலின் உண்மையும் ஒளிந்துகொண்டிருந்தது. தாம் நட்ட மரத்தின் கனியைத் தாமே காணாது போனார். இதனால் அவர் பெருமை குன்றுமோ? குன்றாது என்பதே என் துணிபு. பிழையாக விடை கூறியவரும் அவர்தாம். அவ்வினாவை எழுப்பியவரும் அவர்தாம். வினாவே எழாத இடத்தில் பிழையும் இல்லை, அறிவும் இல்லை. ஆயினும் தம் விளக்கத்தின்மேல் வைத்த பற்றைச் சற்றுத் தளர்த்தியிருப்பாராயின், வைரம் பற்றிய பூசலில் அவர் தனித்து நிற்க நேர்ந்திராது. பெரியோர்பால் நாம் கற்கவேண்டியவற்றுள் இதுவும் ஒன்று.

1954-இல் பாரத ரத்தினம் என்னும் பட்டம் அவருக்கு அளிக்கப்பட்டது. இறுதிக் காலத்தும் மலர்களின் நிறத்தையும் கண்ணின் காட்சியையும் ஆராய்ந்து வந்தார். 1970 நவம்பர் 21-ஆம் நாள், தம் எண்பத்திரண்டாம் வயதில், பங்களூரில் உயிர் நீத்தார். அவர் விருப்பப்படியே அவர் உடல் ஆராய்ச்சிக் கழகத்தின் தோட்டத்திலேயே எரியூட்டப்பெற்றது. கல்லாலும் சுதையாலும் நினைவுச்சின்னம் எழுப்பாமல் அங்கே ஒரு மரத்தை நட்டனர்.

மாணவ நண்பர்களே! நான் தமிழ் கற்பவன். பௌதிகச் சோதனைச் சாலையின் வாயிலை அறிந்தேனேயன்றி உள்ளே பயின்றேனல்லேன். ஆயினும் இவ்வரலாற்றை எழுதிய பின் மேற்கு மலையை நோக்கும்போது பழைய காட்சி புதிதாகின்றது. கணக்கு அலுவலகத்தில் இருந்தவர், மிச்சம் பிடித்த நேரத்தில், தூசி படிந்த கருவிகளைக் கொண்டு உலகிற்கு வழிகாட்டினார். பாலக்காட்டிலிருந்தும் வத்திராயிருப்பிலிருந்தும் சென்ற இளைஞர்கள் அவருக்குத் தோள் கொடுத்தனர். கருவி இல்லை, காலம் இல்லை, நகரம் பெரிதன்று என்று நாம் கூறும் சாக்குகள் அவர்முன் நில்லா. கண்ணெதிரே இருப்பதை ஏன் என்று கேட்கத் துணிவோம். கண்ட விடை தவறென்று பிறர் காட்டுவாராயின் அதனை ஏற்கவும் துணிவோம். முன்னதை இராமனின் வெற்றி நமக்குக் கற்பிக்கின்றது. பின்னதை அவர் தோல்வி கற்பிக்கின்றது.